தட்டுக்கு அடியில் ஒரு செண்பகப்பூ

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே ஐப்பசி மழை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் சிமெண்டுத் தரை பாவாடையைத் தாண்டிக் குளிர்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லாருக்கும் முன்னால் அவரவர் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது.

பிரார்த்தனைப் பாட்டின் கடைசி வரி வந்துவிட்டது. அது முடிந்ததும் தட்டை நிமிர்த்த வேண்டும்.

என் தட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். காலையிலிருந்து கிணற்றடியில் நின்று அதைத்தான் பழகிக்கொண்டிருந்தேன்.

என் கையில் வாசம் வந்தது. செண்பகப்பூ வாசம். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் மூக்கை உறிஞ்சினாள்.

இந்தத் தொடரில் என் பள்ளிக்கூடம், என் அம்மாவின் சண்டைகள், ராணுவத்திலிருந்து அப்பா வரும் விடுமுறைகள் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். கல்லூரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ரொம்பச் சின்ன விஷயம்தான். ஆனால் இன்றைக்கும் தனியாக இருக்கும்போது நினைவு வந்தால், யாரும் பார்க்காவிட்டாலும் முகத்தை மூடிக்கொள்கிறேன்.

பின் குத்தியவர்களும் குத்தாதவர்களும்

அறுபதுகளின் நடுப்பகுதி. குற்றாலத்துக்குப் பக்கத்தில் அப்போதுதான் முளைத்த சின்னப் பெண்கள் கல்லூரி அது. கட்டடத்துக்கு இன்னும் பாதிச் சுவர் பூசவில்லை. பிள்ளைகளும் கொஞ்சம்தான். யார் என்ன நிறத் தாவணி வைத்திருக்கிறாள் என்பதுகூட எல்லாருக்கும் தெரியும்.

அப்படி இருந்தும் அங்கே இரண்டு செட்டுகள் இருந்தன. ஒன்று செண்பகம், இன்னொன்று குறிஞ்சி. கல்லூரிக்காரர்கள் வைத்ததல்ல. மூத்த மாணவிகளே ஏற்படுத்திக்கொண்டது. செட்டில் சேர்ந்தவர்களுக்குத் தோளில் தாவணிக்குக் குத்த ஒரு வெள்ளிப் பின் கொடுப்பார்கள். தென்காசி ஆசாரி ஒருவர் செய்தது. இதழ் விரிந்த பூ.

பின் குத்தியவர்கள் சேர்ந்து அருவிக்குப் போவார்கள். சேர்ந்து சினிமாவுக்கு அனுமதி வாங்குவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோவார்கள். பின் குத்தாத எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது: ‘மிச்சம்’.

சாரல் தொடங்கிக் கல்லூரி திறந்த சில வாரங்களில் புதுப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. வாய் திறந்து யாரும் அழைக்க மாட்டார்கள். ஞாயிறு மதியம், கவிழ்ந்த தட்டுக்கு அடியில் ஒரு பூ இருக்கும். பூ இருந்தவள் எழுந்து அந்த செட்டுக்காரர்களின் வரிசையில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தட்டை நிமிர்த்தினேன். கீழே சிமெண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் செண்பகம் செட் ஐந்தருவிக்குப் போனது. சாரலில் நனைந்துகொண்டு, மாம்பழம் கடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுப் போனார்கள். மிச்சப் பேரை விடுதிக் காப்பாளர் பேரருவிக்குக் கூட்டிப்போய், கூட்டத்தோடு கூட்டமாகத் தலையை நனைத்துக் கூட்டிவந்துவிட்டார். அதே மலையில் விழுகிற தண்ணீர்தான். எனக்கு அது உறைத்தது.

எந்தத் தெரு?

என் ஊர் திருவேங்கடம் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் படித்தால் போலீஸ், படிக்காவிட்டால் பட்டாளம். பெண்கள் கல்லூரிக்குப் போனதில்லை. ‘பிள்ளை படிக்கட்டும்’ என்று எல்லையிலிருந்து அப்பா எழுதியதால் போனேன்.

என் பெயர் பேச்சியம்மாள். சேர்ந்த முதல் நாளே அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. “பேச்சி, எங்கே, ஒரு பேச்சு பேசு” என்பார்கள். நான் “அங்கன இருக்கு”, “அவா சொல்லுதா” என்றால் இரண்டு பேர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்களும் இதே ஜில்லாதான். தென்காசி ஜவுளிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவர்களும் அந்தப் பேச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு அப்படி விட்டுவரத் தெரியவில்லை.

செண்பகம் செட்டுக்குத் தலைவி வத்சலா அக்கா. தென்காசிக்காரி. நல்ல உயரம். யாரையும் அதட்ட மாட்டாள். ஒருநாள் என்னிடம் ரொம்பப் பிரியமாகக் கேட்டாள். “உங்க ஊர்லே எந்தத் தெரு, பேச்சி?”

“கீழத் தெருக்கா.”

“கீழத் தெருன்னா? யார் யார் இருப்பாங்க?”

எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்தும், பரீட்சைக்குப் பதில் சொல்வது போல ஒன்றுவிடாமல் சொன்னேன். சரியான பதில் சொல்லியும் தேறவில்லை என்பது, அந்த முதல் ஞாயிறு தட்டை நிமிர்த்தியபோது தெரிந்தது.

ரோஸ்லின் என் அறைக்காரி. பாவூர்சத்திரம். அவளுடைய அப்பா தாசையா கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெங்காயமும் போட்டு, ஊர்ச் சந்தையிலேயே கடை வைத்திருந்தார். கல்லூரிக்கு நான் வந்த முதல் நாள், மகளைக் கொண்டுவிட வந்தவர், பஸ் நிறுத்தத்தில் என் தகர டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். “யாரு பிள்ளைன்னா என்ன, போற எடம் ஒண்ணுதான” என்றார். தன்னை மாமா என்று கூப்பிடச் சொன்னார். ஊர்ப் பெயரை வைத்து ‘திருவேங்கடத்துத் தாயி’ என்றுதான் என்னை அழைப்பார்.

ரோஸ்லினுக்குக் குரல் கணீரென்று இருக்கும். கோயிலில் பாடிப் பழகிய குரல். குளிக்கும்போது பாடினால் சமையற்கட்டில் கரண்டி நிற்கும். செட்டு கிட்டு எதுவும் அவளை அசைக்கவில்லை. “அவளுவ பூவு அவளுவளோட, நம்ம சோறு நம்மளோட. உண்ணுட்டி” என்பாள்.

நான் அப்படி இல்லை. எனக்கு அந்த வரிசையில் உட்கார வேண்டும். கஞ்சி கொண்டுவர நாலு பேர் வேண்டும். அதை ரோஸ்லினிடம்கூடச் சொன்னதில்லை.

தட்டு நிமிர்ந்தது

ஆவணியில் முகூர்த்தங்கள் வந்தன. செண்பகம் செட்டில் இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் படிப்பை விட்டுப் போனார்கள். அந்த இடங்களுக்கு ஐப்பசியில் மறுபடி கூப்பிடப் போவதாக விடுதி முழுக்கப் பேச்சு.

எனக்கு இருக்காது என்று தெரியும். இருந்தும் சனிக்கிழமை சாயங்காலம், கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஒரு பங்களாவின் சுற்றுச்சுவருக்கு வெளியே தொங்கிய கிளையில் ஒரு செண்பகப்பூவைப் பறித்தேன். கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பறிக்கும்போது ‘சும்மா, வாசத்துக்கு’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் எல்லாரும் துணி எடுக்க மாடிக்குப் போனபோது சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லை. என் தட்டு அலுமினியம். ஆணியால் பெயர் குத்தியிருக்கும். தேடவே வேண்டாம். தூக்கினேன், வைத்தேன், வந்துவிட்டேன்.

பாட்டு முடிந்தது. நிமிர்த்தினேன்.

“ஐயோ!” என்றேன். பழகியது சரியாக வந்தது.

எதிர் வரிசையில் இலத்தூர் லலிதாவும் பூவோடு எழுந்தாள். வத்சலா அக்கா என்னைப் பார்த்தாள். கையை நீட்டிப் பூவை வாங்கினாள். காம்பைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

“வா பேச்சி” என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ரோஸ்லின் தன் தட்டுக்கு அடியில் கையை விட்டபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். “நல்லா இருட்டி” என்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

வாசலில் ஒரு மூட்டை

அதற்கப்புறம் எனக்கு நிறைய வேலை இருந்தது. அருவிக்குப் போகும்போது எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்ப் பையும் நான் சுமப்பேன். அவர்கள் குளிக்கும்போது குரங்கு வராமல் துணிக்குக் காவல் இருப்பேன். வெந்நீர் வாங்க வரிசையில் நிற்பதும் நான்தான். புதிதாகச் சேர்ந்தவள் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லலிதாவும் புதியவள்தான், அவள் எதையும் சுமக்கவில்லையே என்று தோன்றும். அந்த நினைப்பை வளரவிட மாட்டேன்.

பேச்சை மாற்றிக்கொண்டேன். ‘வருதாக’ போய் ‘வர்றாங்க’ வந்தது. ‘ஏட்டி’ என்று ரோஸ்லின் வராந்தாவில் கூப்பிட்டால் உள்ளூர எரிச்சல் வரும். அவளோடு சாப்பிடுவது நின்றது. பிறகு பேசுவதும் குறைந்தது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மா பின்னைத் தடவிப் பார்த்தாள்.

“வெள்ளியாட்டி?”

“ஆமாம்மா. கூப்பிட்டுக் குடுத்தாங்க.”

“எதுக்கு?”

“என்னைய அவங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

அம்மா தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. செட்டோடு தென்காசி போக விடுதி வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து தாசையா மாமா இறங்கினார். சட்டை இல்லை. தோளில் துண்டு, அதன் மேல் ஒரு சாக்கு மூட்டை. முழங்கால் வரை செம்மண். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஏ திருவேங்கடத்துத் தாயி! நல்லா இருக்கியா? சீனிக்கிழங்கு கொண்டாந்திருக்கேன்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாருடி இவர்? உன்னையா கூப்பிடறார்?” என்று, அவரை அதற்கு முன் பார்த்திராத ஒருத்தி கேட்டாள்.

“தெரியலை. வேற யாரையோ.”

சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்துக்கு நேராகவே பார்த்தேன், அங்கே ஆளே இல்லாத மாதிரி. அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையோடு உள்ளே போனார்.

அன்று ராத்திரி என் கட்டிலில் அவித்த சீனிக்கிழங்கு ஒரு கிண்ணத்தில் இருந்தது. ரோஸ்லின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கிழங்கைத் தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும். தின்றேன்.

வறண்ட அருவி

பங்குனியில் குற்றாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் இருக்காது. அருவி இருந்த இடத்தில் கறுத்த பாறை நிற்கும். அங்கங்கே கொஞ்சம் கசியும். கடைகளுக்குக் கீற்றுத் தட்டி கட்டியிருப்பார்கள்.

வத்சலா அக்கா வீட்டாருக்கு அங்கே ஒரு சீசன் பங்களா இருந்தது. அவள் படிப்பு முடிகிற வருஷம் அது. செட்டுக்கு அங்கே விருந்து வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு விளையாட்டு. அந்த வருஷத்து ரகசியங்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். யார் யாருக்குக் கடிதம் எழுதினாள், யார் பரீட்சையில் எப்படித் தப்பினாள், இப்படி.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்போது ஒருத்தி சொன்னாள். “அக்கா, நூலு கதையைச் சொல்லுங்க.”

வத்சலா அக்கா என்னைப் பார்த்தாள். “பேச்சி கோச்சுக்க மாட்டியே?”

“எதுக்குக்கா?” என்றேன்.

“நாங்க வைக்கிற பூவோட காம்பில ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். பூவை உடனே வாங்கிக்கிறதாலே வெளியிலே யாருக்கும் தெரியாது. உன் பூவிலே நூலே இல்லையே பேச்சி!”

கூடமே அதிர்ந்தது. லலிதாவும் சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. சமையல்காரம்மாள் கதவோரம் வந்து நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு நாளும், நான் சுமந்த ஒவ்வொரு பையையும், பேசிய ஒவ்வொரு ‘வர்றாங்க’வையும் அவர்கள் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன், சிரிப்பை விடாமல்.

“பாவமா இருந்துச்சு” என்றாள். நிஜமாகவே பிரியத்தோடுதான் சொன்னாள். “ஐயோன்னு நீ கத்தினதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்றது? எங்களுக்குத்தான் நஷ்டம். பாட்டுப் போட்டிக்கு ஆள் வேணும்னு ரோஸ்லின் தட்டிலே வச்சிருந்தோம். அவ எழுந்திருக்கவே இல்லை. தனியா போய்க் கேட்டேன். ‘என் தட்டுல ஒண்ணும் இல்ல. பேச்சிக்கு வந்தது சரியாத்தான் வந்திருக்கு’ன்னுட்டா.”

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன் என்பது, எல்லாரும் என்னைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாவூர்சத்திரம்

விடுதியில் ரோஸ்லின் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடுமுறை.

“ரோஸ்லின், அன்னைக்கு உன் தட்டுல பூ இருந்துதாமே?”

அவள் கயிற்றைப் பல்லால் இறுக்கிக்கொண்டே, “இருந்துச்சு” என்றாள்.

“ஏன் சொல்லலை?”

“இருந்தது ரெண்டு எடம். நான் எந்திச்சா உன்னைய என்ன செய்வாளுவ? எல்லாரு முன்னாலயும் திருப்பி அனுப்பியிருப்பாளுவ. தட்டை நிமித்தும் முன்னாலயே உங் கையில பூ வாசம். ஊரையே தூக்குச்சு. எனக்கு அந்தப் பின்னு எதுக்குட்டி? குடுத்துட்டுப் போவம்னு உட்டுட்டேன்.”

நான் அழ ஆரம்பித்தேன். மன்னித்துக்கொள் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

“ஏட்டி, நிறுத்து. பூவுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்கப்பா வந்தன்னைக்கு வாசல்ல நின்னியே. அதுக்கு எங்கிட்ட அழுது என்ன செய்ய? நான் அவருட்ட சமாளிச்சது எனக்குல்லா தெரியும்.”

மறுநாள் அவளோடு பஸ் ஏறினேன். என் ஊருக்கு அது வழியே இல்லை. நான் சங்கரன்கோவில் பஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டும். அவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பாவூர்சத்திரம் சந்தையில் ஏலக் குரல்கள். வண்டிகளிலிருந்து மூட்டைகள் விழும் சத்தம். காலடியெல்லாம் வெங்காயச் சருகு. தாசையா மாமா ஒரு மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

“வா தாயி, வா! ஏ, யாரு வந்திருக்கான்னு பாரு!” பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். பிறகு என் முகத்துக்கு அருகில் குனிந்து, “கண்ணு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“தூரத்துல உள்ளது தெரியலைன்னு ரோஸ்லின் சொல்லிச்சு. அன்னைக்கு நான் கூப்பிட்டப்ப நீ முழிச்சு முழிச்சுப் பாத்தியே. சின்ன வயசுல கண்ணு போறது நல்லதில்ல தாயி. தென்காசியில ஒரு டாக்டர் இருக்காரு, நம்ம கடைக்கு வாறவருதான். கண்ணாடி எழுதித் தருவாரு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

ரோஸ்லின் என்னைப் பார்க்கவில்லை. கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சரி மாமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் சந்தோஷம், நானும் தப்பித்துவிடுவேன்.

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமா” என்றேன். “அன்னைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை. அவர் தன் காலைப் பார்த்தார், முழங்கால் வரை ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டார்.

“சரிம்மா” என்றார். தாயி என்று சொல்லவில்லை. “வெயிலு ஏறுது. பஸ்ஸுக்கு நேரமாயிரும்.”

அந்தப் பின்னை நான் வீசி எறிந்ததாக எழுத ஆசைதான். எறியவில்லை. அடுத்த வருஷம் குத்தாமல் இருந்தேன். கேட்டவர்களிடம் தொலைந்துவிட்டது என்றேன். என் தைரியம் அவ்வளவுதான். ரோஸ்லினும் நானும் பட்டம் வாங்கும்வரை அதே அறையில் இருந்தோம். மெல்ல மெல்லப் பழையபடி பேசிக்கொண்டோம். அவள் ஏட்டி என்றால் நானும் ஏட்டி என்பேன், வராந்தாவில் யார் நின்றாலும்.

ஆனால் மாமா மாறிவிட்டார். முன்பெல்லாம் விடுதிக்கு வந்தால் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். அதற்கப்புறம், காவல்காரரிடம் போய், “ரோஸ்லினுக்கு ஆள் வந்திருக்குன்னு சொல்லுங்க” என்பார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவள் மட்டும் இறங்கிப் போவாள்.

இரண்டாம் வருஷம் ஆடியில் ஒருநாள், நல்ல சாரல், அவர் வந்திருப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் செண்பகம் செட்டே நின்றிருந்தது. ரோஸ்லின் வகுப்பில் இருந்தாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இறங்கிப் போனேன்.

“வாங்க மாமா” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். அவர் எப்போதும் ஒற்றை ஆளாகச் சுமக்கிற மூட்டைதான். பிறகு குனிந்து, சாக்கின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் பக்கமாகத் தள்ளினார்.

“கனமா இருக்கும்” என்றார். “நல்லாப் பிடிச்சுக்கோ.”